விறகில் வறுத்த எஸ்பிரஸ்ஸோ கலவை: புகை, கருகல், கசப்பு மூன்றையும் பிரித்துச் சுவைத்த குறிப்புகள்

விறகில் வறுத்தது என்று காபிப் பையில் பார்த்ததும் நாக்கு புகையைத் தேடத் தொடங்கிவிடும். மதிப்பீடு தவறுவது அங்கேதான். நல்ல விறகு வறுப்பான்களில் நெருப்புப் பெட்டி தனி, கொட்டை சுழலும் உருளை தனி. கொட்டையைத் தொடுவது சூடேறிய உலோகமும் காற்றும்தான். எரியும் காற்றே நேராக உருளைக்குள் போகும் அமைப்புகளில்தான் புகை கணிசமாக ஏறும். நன்றாகக் காய்ந்த ஓக், பீச் போன்ற கடின மரமாக இருந்தால் அதுவும் குறைவு. ஈரவிறகும் பிசின் மரமும் கெடுதல்.

விறகின் உண்மையான பங்கு நேரத்தில் இருக்கிறது. விறகுச் சூட்டை ஒரு குமிழைத் திருகி உடனே ஏற்றி இறக்க முடியாது. அதனால் வறுப்பு பெரும்பாலும் மெதுவாக, 20 நிமிடத்தை ஒட்டிப் போகும். புளிப்பு தணியும், திடம் (நாவில் உணரும் கனம்) கூடும். கோப்பையில் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்.

புகை மணத்தை வைத்து அடுப்பைக் கண்டுபிடிக்கவும் முடியாது. மரப்புகையில் இருக்கும் குவாயகால் என்ற மணப்பொருள், கொட்டையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் வறுபட்டுச் சிதையும்போதும் உண்டாகிறது. எரிவாயுவில் கருக வறுத்த கொட்டையிலும் புகை மணம் வரும்.

சோதித்த கலவை 80% அராபிகா, 20% ரோபஸ்டா. நடுத்தரத்தைத் தாண்டிய வறுப்பு. வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடி கொட்டையைப் பரப்பிப் பார்ப்பது முதல் வேலை. நுனி மட்டும் கறுத்திருந்தாலோ, தட்டையான பக்கத்தில் கரும்புள்ளி இருந்தாலோ, உருளை அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது என்று பொருள். அந்தக் கருகலை அரைப்பாலும் வெப்பநிலையாலும் சரிசெய்ய வழியில்லை. இந்தப் பையில் அப்படி ஓரிரு கொட்டைகள்தான். நிறம் சீராக இருந்தது, எண்ணெய் அங்கங்கே மட்டும் துளிர்த்திருந்தது.

சுவைக்கும் முன் இயந்திரத்தைக் கழுவுவது கட்டாயம். ஷவர் ஸ்கிரீனிலும் (நீர் இறங்கும் சல்லடை) பாஸ்கெட்டிலும் (தூள் போடும் கிண்ணம்) தங்கிய பழைய காபி எண்ணெய் சிக்கடித்து ஒரு காறலைத் தரும். அதை விறகுப் புகை என்று எழுதிவிடுவது எளிது. துளையில்லாத குருட்டு பாஸ்கெட்டில் துப்புரவுப் பொடி போட்டு பேக்ஃப்ளஷ் செய்து (நீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவி), வெறும் நீரால் அலசி, முதல் ஷாட்டை (ஒரு முறை இறக்கும் எஸ்பிரஸ்ஸோவை) கீழே ஊற்றிவிட வேண்டும். கிரைண்டரில் தங்கிய பழைய தூளைத் தள்ள 5 கிராம் கொட்டையை அரைத்துக் கழிப்பதும் இதோடு சேர்த்தி.

வறுத்து 4 நாளில் எடுத்த ஷாட் முழுக்க நுரை. கார்பன் டை ஆக்சைடு இன்னும் வெளியேறிக்கொண்டிருப்பதால் நீர் தூளைச் சீராக நனைக்காது. சுவை கூர்மையாகவும் வெறுமையாகவும் நிற்கும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. 10 நாளை ஒட்டித்தான் இந்தக் கலவை படிந்தது.

தொடக்க அளவு: 18 கிராம் தூள், 36 கிராம் ஷாட், 93 டிகிரி செல்சியஸ் நீர், 9 பார் அழுத்தம். 22 நொடியில் இறங்கியபோது ஒல்லியாகவும் லேசான புளிப்போடும் இருந்தது. அரைப்பை ஒரு படி நுணுக்கி 29 நொடிக்குக் கொண்டுவந்ததும் திடம் வந்தது, கூடவே தொண்டையில் கமறலும் வந்தது. இந்த இடத்தில் அரைப்பை மறுபடி தொடாமல் வெப்பநிலையை மட்டும் குறைத்துப் பார்ப்பது நல்லது. 90 டிகிரியில் கசப்பு தெளிவாக இறங்கியது. ஆனால் நடுவில் இருந்த கோகோ சுவையும் மங்கியது. 91 சரியாக அமைந்தது. வெப்பநிலையோடு இறங்கும் கசப்பு, நீர் தூளிலிருந்து அளவுக்கு மீறிப் பிழிந்ததால் வந்தது. எத்தனை டிகிரி குறைத்தாலும் அசையாத கமறல், கொட்டையிலேயே இருப்பது.

அதை உறுதிப்படுத்த ஒரே ஷாட்டை மூன்று கோப்பைகளில் 12 கிராம் வீதம் பிரித்துப் பிடித்தோம். தராசின் மேல் கோப்பையை மாற்றக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். முதல் கோப்பையில் பாகு போன்ற அடர்த்தி, கருஞ்சாக்லேட், ஒரு மெல்லிய புகை மணம். இரண்டாவதில் இனிப்பும் வறுத்த பருப்பு வாசனையும். மூன்றாவது நீர்த்துப்போய், துவர்ப்போடு சாம்பல் சுவை. புகை முதல் கோப்பையிலேயே இருந்தால் கொட்டையினுடையது. கடைசியில் மட்டும் தலைகாட்டும் சாம்பல், ஷாட்டை நீட்டியதன் விளைவு. எனவே 32 கிராமில் நிறுத்தினோம். கரைந்த பொருளை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 10.2% செறிவு, 32-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் பிழிவு (தூளில் கரைந்து வந்த பங்கு) சுமார் 18.1%. இந்த அளவு வறுப்புக்கு அது போதும். 20%-க்குத் துரத்தினால் சாம்பலும் சேர்ந்து வரும்.

கருக்கிய கொட்டை எளிதில் நொறுங்கி நுண்தூளைக் கூட்டும். பாஸ்கெட்டில் போட்ட தூளை ஊசியால் கிளறிச் சீராக்காமல் அழுத்தினால் ஒரு பக்கம் மட்டும் நீர் துளைத்துக்கொண்டு ஓடி, ஒரே ஷாட்டில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். அப்படி வந்த கோப்பையை மதிப்பெண்ணில் சேர்க்கவே கூடாது.

குடிக்கும் முன் கரண்டியால் நன்றாகக் கலக்க வேண்டும். மேலே நிற்கும் க்ரீமா என்ற நுரை கசப்பு மிகுந்தது, அடியில் இருப்பது அடர்ந்தது. கலக்காமல் குடித்தால் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தீர்ப்பு கிடைக்கும். விழுங்கி ஒரு நிமிடம் கழித்து என்ன மிஞ்சுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். இதில் கோகோ நின்றது, கமறல் நிற்கவில்லை.

இனி, விறகுக்கு உண்மையிலேயே வேறுபாடு உண்டா என்ற கேள்வி. அதே கருமையில் எரிவாயுவில் வறுத்த கலவை ஒன்றை எடுத்து, இரண்டையும் 150 மில்லிக்கு 8.25 கிராம் வீதம் 93 டிகிரி நீரில் ஊற வைத்து, 4 நிமிடத்தில் மேலே மிதக்கும் தூள் ஓட்டை உடைத்து, ஆற விட்டுச் சுவைக்கலாம். மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே காபி, ஒன்றில் மற்றது. மாறானது எது என்பது சுவைப்பவருக்குத் தெரியக் கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு சரியாகும். ஆறு சுற்றில் குறைந்தது ஐந்து சரியாக வந்தால்தான் வேறுபாடு உண்டு என்று நம்பலாம், நான்கு போதாது. கலவை விகிதம் வேறு என்றால் இந்தச் சோதனை விறகைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது.

காரத்தன்மை மிகுந்த நீர் இந்தக் கலவைக்குப் பகை. ஏற்கெனவே தணிந்த புளிப்பை அது முழுக்க அணைத்துவிடும், கோப்பை மந்தமாகிவிடும். காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) அருகே இருந்த நீரில்தான் கடைசியில் ஒரு உலர்திராட்சைப் புளிப்பு வெளியே வந்தது.

62 டிகிரிக்குச் சூடாக்கிய 120 மில்லி பாலில் ரோபஸ்டாவின் திடம் நன்றாக எடுபட்டது. புகை மணம் கருக்கிய சர்க்கரையாக மாறி நின்றது. தனியாகக் குடிப்பதற்கு 18-க்கு 32, 91 டிகிரி, 27 நொடி. அதிக நீர் விட்டு நீளமாக இறக்கும் லுங்கோவுக்கு இது வேண்டாம். 36 கிராமைத் தாண்டினால் சாம்பல் மட்டும்தான் கூடுகிறது.