மதிப்பெண் சரிந்தால்

அக்கா மகன் ரேங்க் கார்டை நான்காக மடித்துக் காலணிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். கணக்கில் 31. போன வருடம் 80-க்குக் கீழே போகாத பையன். அவன் சட்டையில் சிகரெட் வாடை வருவதை இரண்டு வாரம் முன்பே கவனித்தேன். அன்றே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1991 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பள்ளி மாணவர்களிடம் பெரிய அளவில் ஒரு ஆய்வு நடத்துகிறார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளிடம் புகை, போதைப் பழக்கங்கள் அதிகம் என்று அதில் தெரிகிறது. ஆனால் எதனால் எது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. படிப்பு சறுக்கியதால் சகவாசம் மாறியதா, சகவாசத்தால் படிப்பு போனதா, இல்லை மனதில் இருக்கும் வேறு ஏதோ வலி இரண்டையும் இழுத்து வந்ததா? மூன்றுமே நடக்கும்.

அப்புறம் தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். இவன் நள்ளிரவு தாண்டியும் போனும் கையுமாக இருக்கிறான்.

திட்ட வாயெடுத்த அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கார்டின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே, "வகுப்புல எல்லார் முன்னாடியும் மக்குன்னு சொன்னாங்க சித்தி. அப்புறம் கடைசி பெஞ்ச் பசங்க மட்டும்தான் என்கிட்ட பேசினாங்க" என்றான்.

பள்ளியில் தன்மேல் அக்கறையுள்ள ஒரு பெரியவர் இருக்கிறார் என்று பிள்ளை உணர்ந்தால் இந்த ஆபத்துகள் குறைகின்றன. அப்படி ஒருவர் இவனுக்கு அங்கே இருக்கிறாரா என்று நாங்கள் இதுவரை கேட்டதே இல்லை. நாளை அக்காவோடு நானும் பள்ளிக்குப் போகிறேன்.