எஞ்சின் ரூம்தான் கடைசி

கடைசிப் பயணத்துக்கான உத்தரவு வந்தபோது மால்டாவுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். கேப்டன் எஞ்சின் ரூமுக்குப் போன் செய்து, "சீஃப், அலியாகாதான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியதரைக் கடலில் எண்ணெய்க் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு அந்தத் துருக்கி ஊரின் பெயர் இரண்டு விதமாகக் காதில் விழும். சரக்கோடு போனால் அது சுத்திகரிப்பு ஆலை. தொட்டிகளைக் கழுவி, வாயு நீக்கி, வெறுங்கப்பலாக வரச் சொன்னால் அது கப்பல் உடைக்கும் கரை. எங்கள் தொட்டிகள் கழுவப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

நான் தூத்துக்குடிக்காரன், அந்தக் கப்பலின் சீஃப் இன்ஜினியர். 1998-ல் நான்காம் இன்ஜினியராக முதன்முதலில் அலியாகாவுக்குப் போனேன். 2007-ல் எல்.பி.ஜி. கப்பலில் மறுபடியும் போனேன். இரண்டு முறையும் ஊரைப் பார்க்கவில்லை. இரவில் ஜெட்டி விளக்குகள், ஆலையின் உச்சியில் எரியும் தீ, காற்று திரும்பினால் வரும் கந்தக வாடை, அவ்வளவுதான். ஒரு துறைமுகத்தை நாங்கள் அறிவதே அப்படித்தான். மணிக்கு எத்தனை கன மீட்டர் ஏற்றுவார்கள், குடிநீர் தருவார்களா, சிம் கார்டு விற்பவர் ஏணி வரை வருவாரா. அதைத் தாண்டி அங்கே மனிதர்கள் எத்தனை காலமாக, எதற்காக இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாது. கேட்க நேரமும் இருக்காது.

2019-ல் மூன்றாவது முறை போனபோதுதான் நேரம் கிடைத்தது. கப்பலை ஒப்படைத்த பின், மிச்ச எரிபொருள் கணக்கையும் உதிரிபாகங்களையும் முடித்துக்கொடுக்க என்னை மட்டும் இரண்டு வாரம் தங்கச் சொன்னார்கள்.

அதற்கு முன் அந்தக் காலைப் பொழுதைச் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் கப்பல் உடைப்பு என்றால் குஜராத்தின் அலங் நினைவுக்கு வரும். அங்கே ஓதம் சுமார் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். ஏறும்போது கப்பலை ஓட்டி வந்து விட்டால், நீர் வடிந்ததும் கப்பல் முழுசாகச் சேற்றில் நிற்கும். ஏஜியன் கடலில் ஓதம் அரை மீட்டர்கூடக் கிடையாது. அதனால் அலியாகாவில் மூக்கு மட்டும் கரையேறும், பின்பகுதி தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்கும். மூக்கிலிருந்து வெட்ட ஆரம்பிப்பார்கள். வெட்டிய துண்டுகளைக் கிரேன் தூக்கிக் காங்கிரீட் தரையில் வைக்கும். எடை குறையக் குறையக் கப்பலை வின்ச்சால் இழுத்து இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றுவார்கள். துருக்கியில் இந்த வேலை நடப்பது அந்த ஒரு கரையில்தான், எழுபதுகளிலிருந்து. இருபதுக்கு மேற்பட்ட தளங்கள் வரிசையாக இருக்கின்றன.

மூக்கு உயர வேண்டும் என்பதால் கப்பலின் சமநிலைக்காக முன்புறத் தொட்டிகளில் நிரப்பியிருந்த பலாஸ்ட் தண்ணீரை எல்லாம் முந்தின நாளே இறைத்துவிட்டோம். என் கவலை வேறு. தரை தட்டும்போது கிளம்பும் சேறு, குளிரூட்டும் கடல்நீர்க் குழாயில் புகுந்தால் ஜெனரேட்டர் சூடேறி நின்றுவிடும். அதனால் கடல்நீரை உறிஞ்சும் வாய்களில் கீழ் ஸக்‌ஷனை மூடி மேல் ஸக்‌ஷனைத் திறந்து வைத்தேன். ஆழம் குறைந்த இடங்களில் இருபத்தோரு வருடமாகச் செய்துவந்த வேலைதான். அதுவரை அதைச் செய்ததெல்லாம் கப்பலைக் காப்பாற்ற. அன்றைக்கு, கடைசிச் சில நிமிடம் மின்சாரம் போகாமல் இருக்க.

கரைக்கு வழிகாட்டும் பைலட் ஏறினார். மேலிருந்து எஞ்சின் ரூமுக்கு வேகக் கட்டளை காட்டும் டெலிகிராஃப் முழு வேகத்துக்குப் போனது. கரையை நான் பார்க்கவில்லை, எஞ்சின் ரூமில் இருப்பவனுக்குக் கரை தெரியாது. சுழற்சி எண்ணிக்கை ஏறுவதையும் வெளியேறும் புகையின் சூட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய இடி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மணலில் இறங்கிய பஸ் மாதிரி எல்லாம் மெல்ல முன்னால் சாய்ந்தது. தரைத்தகடுகள் நடுங்கின. எஞ்சின் இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தது, கப்பல் நகரவில்லை. அப்புறம் 'நிறுத்து' வந்தது. சற்று நேரத்தில் 'எஞ்சின் வேலை முடிந்தது' என்ற கட்டளை. ஒவ்வொரு துறைமுகத்திலும் அந்தக் கட்டளையைக் கேட்டு நிம்மதியாகத் துடைப்புத்துணியை எடுத்திருக்கிறேன். அன்று செகண்ட் இன்ஜினியர் என் முகத்தையே பார்த்தார். ஜெனரேட்டரை நானே நிறுத்தினேன். காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓடும் கப்பலில் ஒருபோதும் கேட்காத ஒரு சத்தம் அப்போது கேட்டது. வெளியே, தகட்டின் மேல் அலை தட்டுகிற சத்தம்.

மறுநாள் தோழர்கள் எல்லாரும் இஸ்மிர் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். நான் ஊருக்குள் ஓர் அறை எடுத்துக்கொண்டேன்.

கடல்வரைபடத்தைப் பார்த்து நாங்கள் 'அலியாகா' என்று படிப்போம். ஊர்க்காரர்கள் நடுவிலிருக்கும் எழுத்தை விழுங்கி 'அலியா' என்கிறார்கள். அலி என்ற ஒரு நிலப்பிரபுவின் பண்ணையிலிருந்து வந்த பெயர். 'ஆகா' என்பது நம் பண்ணையார் போன்ற ஒரு மரியாதைச் சொல். இஸ்மிர் நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். இஸ்பான் என்ற புறநகர் ரயிலின் வடகோடி நிலையம் இதுதான். மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் தினமும் உட்காரும் ஒரு பெரியவர். சுத்திகரிப்பு ஆலையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுக் கப்பல்காரர்களோடு பேசிப் பேசி ஆங்கிலம் கற்றவர். கடையில் எல்லோரும் அவரை 'அம்ஜா' என்றார்கள். சித்தப்பா, பெரியப்பா என்பது போல. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைக் 'கப்தான்' என்றார். நான் கேப்டன் இல்லை, இன்ஜினியர் என்று திருத்தினேன். "கடலிலிருந்து வருகிறவர் எல்லாரும் எங்களுக்குக் கப்தான்தான்" என்று சொல்லி, சின்னக் கண்ணாடி டம்ளரில் இன்னொரு டீ சொன்னார்.

அவர் வேலைக்கு வந்த காலத்தில் இங்கே ஆலிவ் மரமும் புகையிலையும் மீன்பிடி படகுகளும்தானாம். சோவியத் உதவியோடு கட்டிய சுத்திகரிப்பு ஆலை 1972-ல் ஓடத் தொடங்கியது. அங்கே கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் நாப்தாவை வாங்கிப் பிளாஸ்டிக் மூலப்பொருள் செய்யும் பெட்கிம் வளாகம் 1985-ல் வந்தது. இடையில் 1982-ல், அதுவரை மெனெமென் என்ற பக்கத்து வட்டத்தோடு சேர்ந்திருந்த ஊர் தனி வட்டமானது. உருக்காலைகள், இரும்புத் துறைகள், 2016-ல் துருக்கியின் முதல் மிதக்கும் எரிவாயு முனையம், 2018-ல் ஆண்டுக்கு ஒரு கோடி டன் திறனுள்ள இரண்டாவது சுத்திகரிப்பு ஆலை. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த விரிகுடாவின் அமைப்பு. பெரிய கப்பல் நெருங்கி வரும் அளவுக்கு ஆழம், அலையடி குறைவு, பின்னால் சமதரை, பக்கத்திலேயே இஸ்மிர்.

1998-ல் நான் பார்த்த விளக்குகளுக்குப் பின்னால் இத்தனை இருந்திருக்கிறது. ஆனால் அம்ஜா அதிகம் பேசியது ஆலையைப் பற்றி அல்ல. 1990-ஆம் வருடத்து மே மாதத்தைப் பற்றி.

இங்கே ஒரு பெரிய நிலக்கரி மின்நிலையம் கட்ட அரசாங்கம் முடிவு செய்திருந்தது. அதை எதிர்த்து இஸ்மிரிலிருந்து அலியாகா வரை மக்கள் சாலையோரம் கைகோத்து நின்றார்கள். "நானும் நின்றேன், ஆலைச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு" என்றார். ஆலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே இன்னோர் ஆலையை எதிர்ப்பது சரியா என்று அவருடைய மைத்துனர் கேட்டாராம். "சம்பளம் வாங்குவதால்தான் எனக்குத் தெரியும், புகைபோக்கியிலிருந்து என்ன வருகிறதென்று" என்று பதில் சொல்லியிருக்கிறார். அந்தத் திட்டம் அப்போது நின்றுபோனது. 2014-ல் இதே வட்டத்தில் வேறொரு நிலக்கரி மின்நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது. நான் எஞ்சின் ரூம் ஆள், எரிபொருளால் வயிறு வளர்த்தவன். ஆனாலும் அவர் சொன்ன பதில் எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது. உள்ளே இருக்கிறவன் பேசாவிட்டால் வெளியே இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரில் என்னை நெம்ருத் விரிகுடாவுக்கு அழைத்துப் போனார். ஒரு பக்கம் உருக்காலை, ஒரு பக்கம் சரக்குத் துறையின் கிரேன்கள், நடுவே வேலி போட்ட மேட்டு நிலம். அதுதான் கிமே. இந்தக் கரையில் கிரேக்கர்கள் அமைத்த பன்னிரண்டு அயோலிய நகரங்களில் பெரியது. கி.பி. 17-ல் வந்த பூகம்பத்தில் இதுவும் வடக்கே உள்ள மிரினாவும் இடிந்தபோது, ரோமப் பேரரசர் திபேரியஸ் இரண்டுக்கும் உதவியிருக்கிறார். தண்ணீரோரமாகப் போய்ப் பார்த்தால் பழைய அலைதடுப்புச் சுவரின் கற்கள் கடலுக்கடியில் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றுக்கு நேர் மேலே, தூரத்தில், ஒரு சரக்குக் கப்பல் முறை வரக் காத்திருந்தது.

கிமே மக்களைப் பற்றி ஸ்ட்ராபோ என்ற பழைய புவியியலாளர் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். நகரம் உண்டாகி முந்நூறு வருடம் கழித்துத்தான் துறைமுகத்துக்குச் சுங்கம் வாங்க ஆரம்பித்தார்களாம். கடலோரத்தில் குடியிருப்பதே அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்று மற்ற ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். அம்ஜா இதைச் சொல்லிவிட்டு, "இப்போது ஒரு அங்குலக் கரைகூட மிச்சமில்லை" என்று கையைச் சுற்றிக் காட்டினார்.

எனக்கு மனதில் தங்கியது இன்னொரு செய்தி. கிரேக்கத்தின் மிகப் பழைய கவிகளில் ஒருவரான ஹெசியோடின் தகப்பனார் இந்த ஊர்க்காரர். கப்பல் வைத்துப் பிழைத்தவர். பிழைப்பு ஓடவில்லை. கிமேயை விட்டுக் கடல் தாண்டி, மலையடிவாரத்தில் ஓர் ஏழைக் கிராமத்தில் போய் நிலத்தில் இறங்கிவிட்டார். அவர் விட்டு ஓடியது செல்வத்தை அல்ல, வறுமையை என்று மகனே பாட்டில் எழுதியிருக்கிறார். சுமார் இரண்டாயிரத்து எழுநூறு வருடத்துக்கு முந்தைய விஷயம். என் அப்பா தோணியில் போனவர். எங்கள் தெருவில் எத்தனை பேர் அதே காரணத்துக்காகக் கப்பல் ஏறினார்கள் என்று அந்தக் கற்களின் மேல் நின்று எண்ணிப் பார்த்தேன்.

மிரினாவில் மண்ணைத் தவிர இப்போது பார்க்க அதிகம் இல்லை. 1880-களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கிருந்த கல்லறைகளைத் தோண்டியபோது கைக்கு அடக்கமான சுடுமண் சிலைகள் ஏராளமாகக் கிடைத்தன. அப்போது அந்த நிலம் பல்தாஸி என்ற பணக்காரக் குடும்பத்துக்குச் சொந்தம். சிலைகளில் நிறைய இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பகல் முழுக்க உடைப்புத் தளத்தில்தான் இருந்தேன். எங்கள் கப்பலின் மூக்கு ஒரு வாரத்தில் காணாமல் போனது. வெட்டுகிறவர்களில் ஒருவர் தோகாத் பக்கத்திலிருந்து வந்தவர், கடலே இல்லாத உள்நாட்டு மாகாணம். மூன்று பேர் அங்கிருந்து சேர்ந்து வந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு ரொட்டி எடுத்து வைப்பார்கள். எந்தத் தொட்டியில் வண்டல் அதிகம், எந்தக் குழாயில் எண்ணெய் தங்கும், எந்தப் பழைய காஸ்கெட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்று ஒவ்வோர் இடமாகக் காட்டிக் கொடுத்தேன். அபாயப் பொருட்களின் பட்டியல் முறைப்படி தயாரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் இருபத்தாறு வயதான கப்பலில் காகிதத்தில் இல்லாத பழுதுபார்ப்புகள் எத்தனையோ இருக்கும். அவற்றைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் வேலைக்காலத்தில் நான் செய்த மிக முக்கியமான வேலை அந்த இரண்டு வாரம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வெட்டிய தகடுகள் லாரியில் ஏறிப் பக்கத்து உருக்காலைகளுக்குப் போயின. அலங்கில் நல்ல தகட்டைச் சூடாக்கி அப்படியே உருட்டிக் கம்பியாக்குவதும் உண்டு. இங்கே பெரும்பாலும் மின்வில் உலையில் உருக்கிவிடுகிறார்கள். பயன்படும் மற்றதெல்லாம் சாலையோரக் கடைகளுக்குப் போகும். ஒரு கடையில் கப்பல் நாற்காலிகளும் உயிர்காப்புச் சட்டைகளும் குவிந்து கிடந்தன. சமையலறைப் பாத்திரங்களும் இருந்தன. எங்கள் சமையல்காரர் சாம்பார் வைத்த பெரிய பானை அங்கே வந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

ஊர் திரும்பிய பிறகும் அம்ஜா வாட்ஸ்அப்பில் எழுதுவார். 2020-ல் கொரோனாவால் ஓட்டமில்லாத பெரிய உல்லாசக் கப்பல்கள் அதே கரைக்கு வந்ததைப் படம் பிடித்து அனுப்பினார். 2022 ஆகஸ்டில் சாவோ பாவ்லோ என்ற பழைய பிரேசில் விமானந்தாங்கிக் கப்பலை இழுத்து வந்துகொண்டிருந்தபோது, அதில் ஆஸ்பெஸ்டாஸ் ஏராளம் என்று இஸ்மிர் பகுதியில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. துருக்கி அனுமதியை ரத்து செய்தது. கப்பல் வழியிலேயே திரும்பியது. எங்கும் இடம் கிடைக்காமல் 2023 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் அதை மூழ்கடித்தார்கள். அன்று அம்ஜாவிடம், "நீங்கள் இந்த முறையும் போய் நின்றீர்களா?" என்று கேட்டேன். "கால் வலி. மகள் போனாள்" என்று பதில் வந்தது.

எங்கள் கப்பலின் கடைசிப் படம் 2019 செப்டம்பரில் வந்தது. மூக்கிலிருந்து வெட்டுவதால் எஞ்சின் ரூம்தான் கடைசியில் மிஞ்சும். படத்தில் அது மட்டும் நின்றது, முன்சுவர் இல்லாமல், உள்ளே முழுக்க வெளிச்சத்தோடு. நான் நின்று டெலிகிராஃபைப் பார்த்த கட்டுப்பாட்டு அறையின் கதவு திறந்து கிடந்தது. படத்துக்குக் கீழே அம்ஜா எழுதியிருந்தார், "கப்தான், நாளைக்கு இதையும் மேலே இழுக்கிறார்கள். பக்கத்தில் அடுத்த கப்பல் வந்துவிட்டது."