முப்பதுக்கு நாற்பது

நவம்பர் 3, திங்கள்

லீஸ் முடிகிறது. லீஸ் பணம் எட்டு லட்சத்தையும் ஒரே செக்காகத் தந்துவிடுகிறேன் என்கிறார் ஓனர். சொன்னால் செய்கிற மனுஷன்தான். மகன் அதற்குள் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். எங்கேடா என்றேன்.

"ராமமூர்த்தி நகர்ப்பா."

இந்தப் பெங்களூரில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

நவம்பர் 4

தூக்கம் இல்லை.

நவம்பர் 5, புதன்

மகன் அனுப்பிய லொகேஷனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரியாக இரண்டு கிராஸ் தெரு தள்ளி. அவனுக்குத் தெரியாது. அப்போது அவனுக்கு ஒன்றரை வயது.

1991 டிசம்பர், காவிரிக் கலவரம். விளக்கை அணைத்துவிட்டு, குழந்தை அழுதுவிடக் கூடாதே என்று இவள் அவன் நாக்கில் சர்க்கரை தடவியபடி உட்கார்ந்திருப்பாள். பொங்கல் கழிந்து, கூட வேலை பார்த்தவர் வந்தார். "நான் சேலத்துக்கே போறேன், ராமமூர்த்தி நகர் சைட்டை நீ எடுத்துக்க. முப்பதுக்கு நாற்பது அடி மனை, 42,000." இவள் ஒன்றும் சொல்லாமல் வளையலைக் கழற்றி டீ தம்ளர் பக்கத்தில் வைத்தாள். நான் 2,000 அட்வான்ஸ் கொடுத்தேன். ஒரு வாரம் புரண்டு புரண்டு படுத்தேன். அப்புறம் வேண்டாம் என்றுவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை, கொடுக்க அவருக்கும் மனம் வரவில்லை.

ரெவென்யூ சைட்டு, அதாவது அப்ரூவல் இல்லாத மனை, பத்திரம் சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய். இந்த ஊரில் மண் வாங்கப் பயம், அவ்வளவுதான். எந்த நேரமும் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். 33 வருஷமாக இதோ கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அல்சூரிலேயே.

நவம்பர் 7, வெள்ளி

பரணை ஒழித்தோம். திருக்குறள் உரை இரண்டு கிடைத்தன. 655 தானாகத் திறந்துகொள்கிறது, அவ்வளவு தடவை புரட்டியிருக்கிறேன். "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று." பின்னால் வருந்தும்படியானதைச் செய்யாதே, தப்பித்தவறிச் செய்துவிட்டால் மறுபடி அதுபோல் செய்யாதே. பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான், மு.வ. உரையும் இதுதான். பரிமேலழகர் மட்டும் வேறு வழியில் போகிறார். 'அன்ன' என்பது அந்தக் காரியத்தை அல்ல, அதை நினைத்து இரங்குவதைச் சுட்டுகிறதாம். செய்துவிட்டாயா, பின்னால் உட்கார்ந்து வருந்தாமல் இருப்பது நல்லது என்கிறார்.

அவருக்கென்ன. அவரிடம் யார் சைட்டு விற்க வந்தார்கள்?

அதோடு என்னுடையது செய்ததற்கான வருத்தம் இல்லை, செய்யாமல் விட்டதற்கானது. அதற்கும் குறள் இருக்கிறது: "செய்தக்க செய்யாமை யானும் கெடும்." கெடும் என்பதோடு சரி. கெட்ட பிறகு என்ன செய்வது என்று அதில் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

ஏரிப் பக்கம் நடந்துவிட்டு வள்ளுவர் சிலைவரை போனேன். இந்தப் பேட்டையிலிருந்து போகும் கடைசி நடை. 1991-ல் கொண்டுவந்த சிலை, மூடியது மூடியபடி 18 வருஷம் நின்றது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்ப்பேன். 2009 ஆகஸ்ட் 9, அதுவும் ஞாயிறுதான், திறந்தார்கள். நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. கூட்டத்தில் நானும் இவளும் நின்றோம். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும், இந்த ஊர் இப்படி ஆகும் என்று 92-லேயே தெரிந்திருந்தால் என்று ஓடியது. நல்ல நாளிலும் சைட்டு. மகன் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போதுகூட ஒரு புரோக்கரிடம் சதுர அடி என்ன விலை என்று கேட்டவன் நான்.

நவம்பர் 11, செவ்வாய்

நீல அட்டை நோட்டு அகப்பட்டது. அகப்பட்டது என்ன, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சித்திரை ஒன்று தோறும் அதில் ஒரு வரி எழுதுவேன்: அந்த வருஷத்துச் சதுர அடி விலை, பெருக்கல் 1,200. கடைசி சில வரிகளில் கோடி வந்துவிட்டது. இந்த நோட்டின் பின்பக்கத்திலிருந்து இவள் பால் கணக்கு எழுதி வந்திருக்கிறாள். அது எனக்குத் தெரியும், என் பக்கம் அவள் வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். இன்று பார்க்கிறேன், 2006-ல் என் பெருக்கல் தப்பு. பென்சிலால் அடித்துப் பக்கத்தில் சரியான விடை. என் கையெழுத்து இல்லை.

கேட்டேன். கரண்டிகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒரு சைபர் விட்டுட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் செல்லோ டேப் எங்கே என்று கேட்டாள்.

நவம்பர் 12

பழைய பேப்பர்காரருக்கு நோட்டையும் சேர்த்துப் போட்டேன். தராசிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னும் நாலு தாள் வெள்ளையாக இருக்கிறதாம்.

நவம்பர் 13, வியாழன்

வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி செய்யக் கூடாது என்று இன்றே கிளம்பினோம். குட்டி யானை இரண்டு நடை. டின் ஃபேக்டரி ஜங்ஷனில் முக்கால் மணி நேரம் நகரவில்லை. டிரைவர் தர்மபுரிக்காரர், சொந்த வீடா சார் என்றார். வாடகை என்றேன். வழக்கமாக இந்தக் கேள்விக்குப் பிறகு நான் பேச ஆரம்பிப்பேன். இன்று ஏனோ தூக்கம் வந்துவிட்டது.

இவள் பால் காய்ச்சினாள். பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

நவம்பர் 14

கால் வலி. அந்தத் தெரு வேண்டாம் என்று சுற்றிக்கொண்டு கடைக்குப் போனால் வேறென்ன வரும்?

நவம்பர் 18, செவ்வாய்

கேஸ் முகவரி மாற்ற ஆதார் ஜெராக்ஸ் வேண்டும். பக்கத்தில் இருப்பது ஒரே கடை. அது எங்கே இருக்கிறது என்று எழுதவும் வேண்டுமா? மூன்று மாடி, கீழே ஜெராக்ஸ், மாடிப்படியில் துளசித் தொட்டி. இவள் வைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பாள். கடைப் பையன் கன்னடத்தில் எத்தனை காப்பி என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி உரிந்திருந்தது. பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுப் படி ஏறும்போது வெட்கமாகவும் இருந்தது. இரண்டு காப்பி, ஆறு ரூபாய்.

நவம்பர் 20, வியாழன்

ஒரு ஜெராக்ஸ் மங்கலாம். மறுபடி எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். இவளும் வருகிறாளாம், செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.