எழுத்துக்கு ஒரு வைர மோதிரம்

தம்பியின்ர எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, மோதிரம் எடுக்கவெண்டு நேற்று யாழ்ப்பாணத்தில நகைக்கடையள் இருக்கிற கஸ்தூரியார் வீதி முழுக்க அலைஞ்சம். பொம்பிளைக்கு வைரம்தான் விருப்பமாம். இவன் 1 கரட்டில பிடிவாதம். 1 கரட் எண்டா வெறும் 200 மில்லிகிராம்! ஆனா அந்த முழு எண்ணைத் தொட்டவுடனே விலை எகிறும். 0.90 எடுத்தா வட்டக் கல்லின்ர விட்டத்தில ஏறத்தாழ கால் மில்லிமீற்றர்தான் குறையும். ஆர் அளந்து பாக்கப் போகினம்? வெட்டு நல்லா இருந்தாத்தான் மினுக்கம்.

சான்றிதழ் இலக்கம் கல்லின்ர விளிம்பில பொறிச்சிருக்கோ, லென்ஸைத் தாங்கோ எண்டு கேட்க, ஒரு கடைக்காரர் முகத்தைச் சுழிச்சார். அங்கயிருந்து வெளிக்கிட்டம்.

அம்மாவுக்கு வேற கவலை. "ஈடு வைக்கப் போனா கல்லுக்கு ஆரடா காசு தருவான்?" அதுவும் ஞாயம்தான், பவுணுக்குத்தானே காசு.

கடைசியில 0.90. மிச்சக் காசுக்கு அம்மா தனக்கொரு சோடி தோடு பாத்து வச்சிட்டா.