இருத்தலும் அறிதலும்

கடவுள் உண்டா என்ற கேள்வியும், உண்டெனில் அவரை அறிய முடியுமா என்ற கேள்வியும் வெவ்வேறானவை. ஆனாலும் ஆத்திகம் ஒரு முனையிலும் நாத்திகம் மறுமுனையிலும் இருக்க, கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிய முடியாது என்னும் அறியொணாவாதம் இடையில் தயங்கி நிற்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். எனக்கு இந்த வரிசை ஏற்புடையதாக இல்லை. முதல் இரண்டும் இருப்பைப் பற்றிய விடைகள். மூன்றாவதோ நம் அறிவின் எல்லையைப் பற்றியது. ஆகவே கடவுளை நம்பும் ஒருவர் அறியொணாவாதியாகவும் இருக்கலாம். நம்பாதவரும் அவ்வாறே இருக்கலாம்.

இதற்கு ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் நல்ல சான்று. கடவுளின் இருப்பை நிறுவ முன்வைக்கப்பட்டு வந்த வாதங்களை அவர் 1781இல் வெளிவந்த தம் நூலில் ஒவ்வொன்றாக மறுத்தார். ஆனால் புலனனுபவத்துக்கு அப்பாற்பட்டதை அறிவால் நிறுவ இயலாது என்றால், அத்தகைய ஒன்று இல்லை என்றும் அதே அறிவால் நிறுவ இயலாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. பின்னர், 1788இல், அறவாழ்வின் பொருட்டு ஏற்க வேண்டிய ஒன்றாகக் கடவுளை மீண்டும் கொண்டுவந்தார்.

இதே பிரிவினை சைவ சித்தாந்தத்தில் இன்னும் கூர்மையாக உள்ளது என்பது என் கருத்து. மெய்கண்டார் அதன் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் முதலாவதிலேயே, அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதைக் காட்டி, அதற்கு ஒரு முதல்வன் உண்டு என்று அனுமானத்தால், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறியும் முறையால், நிறுவுகிறார். அந்த முதல்வனை அறியும் வகையோ ஆறாம் நூற்பாவில்தான் விசாரிக்கப்படுகிறது. நம் அறிவு சுட்டி அறிவதெல்லாம் நிலையற்ற அசத்து; எவ்வகையிலும் அறியப்படாதது வெறும் இன்மை; இறைவன் இவ்விரண்டும் அல்லன். அவனை உயிர் தன் சிற்றறிவால் அறிவதில்லை, அவனருளாலேயே அறிகிறது என்பது சித்தாந்தத்தின் முடிபு.

நுட்பமான விடைதான். ஆனால் அருள் வாய்க்காதவர் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை என்பதை மறுக்க முடியாது. முதல் நூற்பாவில் உள்ளது போன்ற அனுமானத்துக்கும் முன்பே எதிர்ப்பு எழுந்ததுண்டு. வேதத்தை முழுமையாக ஏற்று அதன் சடங்கு விதிகளை ஆராயும் மீமாம்சை மரபைச் சேர்ந்த குமாரிலரே, உடலற்ற ஒருவன் எவ்வாறு படைப்பான், உடல் உண்டெனில் அதைப் படைத்தவர் யார் என்று கேட்டார். இக்கேள்வியை நாத்திகர் எவரும் இதைவிடச் சுருக்கமாகக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

சான்று எப்பக்கமும் முடிவு தராதபோது நம்பலாமா? போதிய சான்றின்றி எதையும் நம்புவது தவறு என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் கிளிஃபர்டு 1877இல் கண்டிப்பாக எழுதினார். தவிர்க்க முடியாததும் வாழ்வையே பாதிப்பதுமான தேர்வு ஒன்றில், அறிவு தீர்ப்பளிக்க இயலாதபோது உள்ளத்தின் நாட்டத்தைப் பின்பற்றலாம் என்று அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் விடையளித்தார். நான் ஜேம்ஸின் பக்கமே சாய்கிறேன். ஆயினும் அவர் தரும் உரிமை நம்ப விழைபவருக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. நம்ப மனம் ஒப்பாதவரும் அதே வாதத்தைக் கொண்டு தம் மறுப்பில் நிலைத்து நிற்கலாம்.