கழி பிடித்துப் பழகிய பிறகே ஆட்டம்: டினிக்லிங் பயிற்சி

மூங்கில் கழிகளுக்கிடையே ஆடப்படும் பிலிப்பைன்ஸ் நாட்டு டினிக்லிங் நடனத்தில் ஆடுபவர்களின் கால்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆட்டத்தை உண்மையில் நடத்துபவர்கள் தரையில் எதிரெதிரே அமர்ந்து மூங்கில் கழிகளைப் பிடித்திருக்கும் இருவர்தாம் என்பது எளிதில் புலப்படாது. கெசோன் சிட்டியில் நான் குடியிருக்கும் பகுதியின் நடனக் குழு, கூரையிட்ட கூடைப்பந்துத் திடலில் மாலைதோறும் கூடுகிறது. புதிதாகச் சேர்பவர்களை அவர்கள் முதலில் கழி பிடிக்கவே அமர்த்துகிறார்கள்.

ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள இரண்டு மூங்கில்கள், இரு முனைகளிலும் வைத்த கட்டைகளின்மேல் கிடக்கும். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில், ஒன்றுக்குக் கழிகளை ஒன்றோடொன்று மோதவேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் ஓரடி விலக்கிக் கட்டையின்மேல் தட்டவேண்டும். கேட்க எளிதாக இருந்தாலும், எதிரே இருப்பவருடைய கையும் நம்முடைய கையும் ஒரே கணத்தில் இயங்காவிட்டால் மூங்கில் கோணலாக மூடுவதால், முதல் சில வாரங்கள் கணுக்கள் உராய்ந்து உள்ளங்கை சிவப்பதிலேயே கழிந்தன.

இந்தத் தாளம் கைக்கு வந்தபின் ஆடப் பழகியபோது கால்கள் தாமாகவே கணக்கைப் பிடித்துக்கொண்டது எனக்கே வியப்பாக இருந்தது. கழிகள் சேரும்போது ஒரு கால் வெளியே, விலகும்போது இரண்டு அடிகள் உள்ளே, மீண்டும் சேர்வதற்குள் மறுபக்கம் வெளியே: அவ்வளவுதான் அடிப்படை. லெய்தே தீவின் வயல்களில் புல்லுக்கும் மூங்கில் கண்ணிகளுக்கும் இடையே கால்களைத் தூக்கித் தூக்கி ஓடும் டிக்லிங் பறவையின் நடையே இது என்பதால், குனிந்து கழியைப் பார்த்தபடி ஆடுபவரைப் பயிற்றுநர் உடனே நிறுத்திவிடுவார். ஸ்பானியர் காலத்துத் தண்டனையிலிருந்து இந்த ஆட்டம் பிறந்தது என்ற கதையை அவர் ஏற்பதில்லை. நானும் பறவையின் பக்கமே நிற்கிறேன்.

கிராமம் கிராமமாகச் சென்று இத்தகைய ஆட்டங்களைத் திரட்டி, 1926இல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாக அளித்தவர் பிரான்சிஸ்கா ரெயெஸ் அகினோ. 1957இல் தொடங்கப்பட்ட பயனிஹான் நடனக் குழு, மறு ஆண்டே பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடி இந்நாட்டு நடனங்களை உலக மேடைக்குக் கொண்டுசென்றது. மேடைக்கு வந்த ஆட்டத்தில் இறுதிப் பகுதியின் வேகம் மூச்சுமுட்ட ஏறுவதைக் கூட்டம் ஆரவாரத்துடன் வரவேற்கிறது. எனக்கோ, ரொண்டல்யா எனப்படும் நரம்பிசைக் குழுவின் பண்டூரியா என்ற தந்திக் கருவி நிதானமாக மீட்டப்படும் தொடக்கப் பகுதியில்தான் இணையர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஆட முடிகிறது என்று தோன்றுகிறது.

இப்போது குழு பண்டாங்கோ சா இலாவ் பயிலத் தொடங்கியிருக்கிறது. மிண்டோரோவை அடுத்த லுபாங் தீவின் ஆட்டமான இதில், தலைமேல் ஒன்றும் இரு புறங்கைகளில் ஒவ்வொன்றுமாக மூன்று விளக்குகளைச் சாயாமல் தாங்கவேண்டும். இதுவும் மூன்று எண்ணிக்கைத் தாளமே என்பதால் கால்களுக்குப் புதிய வேலை அதிகமில்லை. தலைமேல் வைத்தது நிலைத்துவிட்டது. இடது புறங்கை மட்டும் திரும்பும்போதெல்லாம் சரிவதால், விளக்குக்கு மாற்றாகப் பாதியளவு நீர் நிரப்பிய கண்ணாடிக் குவளையை வைத்துப் பழகிவருகிறேன். சுடர் ஏற்றுவதற்குப் பயிற்றுநரின் அனுமதி இன்னும் கிடைக்கவில்லை.