1943 லீ-என்ஃபீல்டு: ஒன்பது அங்குலத்திலிருந்து நான்கு அங்குலத்துக்கு

நண்பர்கள் நாலு பேர் மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போகிறோம். ஆளுக்கொரு பழைய இராணுவ ரைஃபிள். என்னுடையது லீ-என்ஃபீல்டு நம்பர் 4, கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. இடப்பக்க இரும்பில் 1943 என்று குத்தியிருக்கிறது. மற்ற மூவரிடமும் ஒரு மோசின்-நகாந்த், ஒரு ஜெர்மன் கார் 98கே, ஒரு எம்1 கேரண்ட். நான்கு முறை போய் வந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் 100 கஜ தூரத்தில், முன்கட்டையை மணல் பையின்மேல் வைத்துப் பத்து தோட்டாக்கள் சுட்டேன். முதல் நாள் அவை ஒன்பது அங்குலத்துக்குச் சிதறின. கடைசி முறை நான்கு அங்குலத்துக்குள் விழுந்தன. நடுவில் என்னென்ன மாறியது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

சுடப் போவதற்கு முன்பே துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) மூடும்போது தோட்டாவுக்கும் போல்ட் தலைக்கும் நடுவில் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். எண்பது வருடம் கை மாறி வந்த ரைஃபிளில் இதைப் பார்க்காமல் சுடவே கூடாது. போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண் இருந்தது; அளவும் சரியாக இருந்தது.

முதல் நாள் எல்லாக் குண்டுகளும் மேலே போயின. கறுப்பு வட்டத்தின் நடுவைப் பார்த்துச் சுட்டால் அரை அடி உயரத்தில் ஓட்டை. குழல் தேய்ந்துவிட்டதோ என்று பயந்தேன். காரணம் மிக எளிது. என் ரைஃபிளில் இருப்பது போர்க்காலத்தில் சுருக்கமாகச் செய்த பின்சைட், அதாவது கண்ணருகே குறி பார்க்கும் துளை: ஒன்று 300 கஜத்துக்கு, மடக்கினால் இன்னொன்று 600 கஜத்துக்கு. 100 கஜத்துக்கென்று அதில் எதுவுமே இல்லை. 300 கஜத்தில் இலக்கில் இறங்க வேண்டிய குண்டு, 100 கஜத்தில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். முன்சைட்டை உயரமானதாக மாற்றலாம் என்றார் ஒரு நண்பர். எனக்கு மனம் வரவில்லை. வெள்ளை அட்டையில் ஒரு கறுப்புப் புள்ளியை அரை அடி கீழே ஒட்டி, அதைப் பார்த்துச் சுட்டேன். நடுவில் விழுந்தது. சிதறல் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாம் முறை பாதி நேரம், தோட்டாக்களை அடுக்கும் மேகசினோடு மல்லுக்கட்டியதில் போனது. என் ரைஃபிளுக்கான .303 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீண்டிருக்கும். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போய்விட்டால் போல்ட் தள்ளும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நகராது. நான் அவசரமாக அழுத்தியதில் மூன்றாவது தோட்டா அப்படித்தான் மாட்டியது. இப்போது ஒவ்வொன்றாக, விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்து இறக்குகிறேன்.

அன்றே இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதல் மூன்று குண்டுகள் ஒட்டி விழுந்தன. குழல் சூடேற ஏற, மற்றவை மேலே ஏறிக்கொண்டே போயின. வீட்டுக்கு வந்து பார்த்தால், டிரிகர் கார்டுக்கு முன்னால் கட்டையை இரும்போடு சேர்த்துப் பிடிக்கும் பெரிய திருகு தளர்ந்திருந்தது. நம்பர் 4-இல் முன்கட்டை குழலின் வாய்ப்பகுதியை அடியிலிருந்து லேசாகத் தாங்கி நிற்க வேண்டும். திருகு தளர்ந்தால் அந்தத் தாங்கல் ஒரே மாதிரி இருக்காது. இறுக்கினேன். அடுத்த முறை ஒன்பது ஏழானது.

ஏழை நான்காக்கியது ரைஃபிளில் செய்த வேலை இல்லை. அதைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்களில் மூத்தவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், மூன்றாம் முறை என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ரைஃபிளை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேகசினை நிரப்பித் தந்தார். "இதுல அஞ்சு இருக்கு, சுடு தம்பி" என்றார். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதில் டிரிகரை இழுத்தேன். வெறும் 'டிக்' சத்தம். ஆனால் குழல் முனை இரண்டு அங்குலம் கீழே குத்தியது. உதை வரும் என்று என் தோள் முன்கூட்டியே முட்டியிருக்கிறது, கண் மூடியிருக்கிறது. வெடிச்சத்தத்தில் மறைந்திருந்த அந்தத் தப்பை, அவர் நடுவில் போட்டிருந்த மருந்தில்லாத டம்மி தோட்டா அப்பட்டமாகக் காட்டிவிட்டது. அன்று உண்மைத் தோட்டாவையும் டம்மியையும் எனக்குத் தெரியாமல் கலந்து கலந்து கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் 'டிக்' கேட்டபோது முன்சைட் அசையாமல் புள்ளியின் அடியிலேயே நின்றது. அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை மாதம் போயிருக்கிறேன் என்று தோன்றியது.

டிரிகரும் அதற்கு உதவியது. இது இரண்டு கட்டமாக இழுபடும். முதல் கட்டம் நீளமாக, லேசாக வரும். பிறகு விரலில் ஒரு சுவர் தட்டும். அந்தச் சுவரில் நிறுத்தி, மூச்சைப் பாதி விட்டு, சைட்டைச் சரிபார்த்து, அப்புறம் மெல்ல அழுத்தினால் போதும். ஒரே இழுப்பாக இழுத்துப் பழகிய எனக்கு அந்தச் சுவர் கூடுதலாக ஒரு நொடி தந்தது.

மோசின் வைத்திருப்பவருக்கு வேறு கதை. சோவியத் காலத்தில் அந்த 91/30 மாடல் ரைஃபிளைக் குழல் முனையில் ஈட்டி (பயனெட்) மாட்டிய நிலையில்தான் குறி பார்த்துச் சரிசெய்தார்கள். ஈட்டி இல்லாமல் சுட்டால் குண்டு விழும் இடம் மாறிவிடுகிறது. அவர் சுடுவதும் பழைய கையிருப்புத் தோட்டா. அதன் பிரைமர் (தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் மருந்து) எரிந்தபின் குழலில் உப்பு தங்கும்; எண்ணெய் துடைத்தால் போகாது, தண்ணீரில்தான் கரையும். கொதிக்கும் தண்ணீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றுவார். இரும்பு சூடேறி ஆவி பறக்கும், அந்தச் சூட்டிலேயே உள்ளே உலர்ந்துவிடும். அப்புறம்தான் எண்ணெய். ஒரு நாள் தள்ளிப்போட்டாலே துரு பிடித்துவிடும் என்று, வீட்டுக்குப் போகும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்.

இந்தப் பழைய தோட்டாக்கள் சில நேரம் தாமதமாகவும் வெடிக்கும். 'டிக்' கேட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் போல்ட்டைத் தொடாமல், குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது நொடி எண்ணுகிறோம். நாலு பேருமே இதில் கறார்.

கேரண்டை இரண்டு முறை வாங்கிச் சுட்டேன். எட்டாவது தோட்டாவோடு தோட்டாக்களைச் சேர்த்துப் பிடித்திருந்த காலி கிளிப் 'டிங்' என்று எகிறி விழுவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு குண்டுக்கும் நானே போல்ட்டை இழுத்து மூடுவதில்தான் எனக்கு நிறைவு.

கடைசி முறை சுட்ட பத்தில் ஒன்பது மூன்று அங்குலத்துக்குள் இருந்தன. ஒன்று இடப்பக்கம் தள்ளி விழுந்தது. அட்டையைப் பார்க்கும் முன்பே "ஏழாவது இடது பக்கம் போயிடுச்சு அண்ணே" என்று சொல்லியிருந்தேன். வெடித்த நொடியில் சைட் எங்கே இருந்தது என்று இந்த முறை கண் பார்த்திருந்தது. அடுத்த மாதம் 200 கஜம். 300-க்கு வைத்த சைட்டில் அங்கேயும் குண்டு ஏறத்தாழ இதே உயரத்தில்தான் போகும் என்பதால், புள்ளியை அரை அடி கீழேயே ஒட்டித் தொடங்கப் போகிறேன்.